ஒயர் எங்க?

எந்தப் படத்தை நீட்டினாலும் கம்ப்யூட்டர் கடை அக்கா முதலில் தேடுவது ஒயரைத்தான். கல்யாண ஆல்பத்தைக் காட்டினால் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு, மேடைக்குப் பின்னால் ஓடும் சீரியல் பல்பு ஒயரைக் கண்டுபிடித்து விரலை வைப்பாள். மனை விற்கிறவன் கொடுத்த கலர் நோட்டீசைக் காட்டினால், "வீடு சோக்காத்தான் இருக்குது. கரன்ட் கம்பம் எங்க?" என்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கள் மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கை பிசகும். இரண்டு முறை ஊசி விரலில் ஏறியிருக்கிறது. இரண்டு முறையும் அவள்தான் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டாள், சிரிப்பை நிறுத்தாமலே.

அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பிற்பாடு சாலையை அகலமாக்கியபோது இரண்டு கடையும் போய்விட்டன. அவள் புதுச்சேரியில் தங்கையோடு இருக்கிறாள். நான் வீட்டிலேயே தைக்கிறேன். அந்தச் சுவர் இருந்த காலத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், கம்ப்யூட்டர் ரிப்பேர் மூன்றையும் அவள் ஒருத்தியே பார்த்தாள்.

உப்பளத்துக் காற்று அடிக்கும் ஊரில் இரும்புக்கு ஆயுசு கெட்டி கிடையாது. என் தையல் மெஷினுக்குத் தினமும் எண்ணெய் விடுவேன், அப்படியும் துருப்பிடிக்கும். அவள் சனிக்கிழமை தவறாமல் எல்லாக் கம்ப்யூட்டர் பெட்டிகளையும் கழற்றுவாள். கழற்றும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டு, ஒயர் முனையில் பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பைத் துடைப்பாள். "ஒயருதான் உசுரு. மூஞ்சி எப்பிடி இருந்தா இன்னா?" என்பாள். யாருடைய மூஞ்சியையும் அவள் பெரிதாக மதித்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவள் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ஜெராக்ஸுக்கு வரவில்லை, சுவரைப் பார்க்க வந்தார்கள். புதுச்சேரியில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, பழைய பேப்பர் கடைக்கு ஒரு கட்டு பத்திரிகைகள் வந்து சேர்ந்தன. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் புதிதாக வந்த காலத்துப் பத்திரிகைகள். கட்டுரைகளை எலி தின்றுவிட்டது. விளம்பரங்கள் வழவழ தாளில் இருந்ததால் தப்பித்தன. அக்கா அவற்றைக் கத்தரித்துச் சுவர் முழுக்க ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு வரி எழுதி வைத்தாள்.

ஒரு படத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துச் சமையல் குறிப்பு தட்டிக்கொண்டிருப்பாள். வெள்ளை கவுன், ஒரு கறை இல்லை. அதன் கீழே, "சாம்பார் தாளிச்சுப் பாரு, தெரியும்" என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில் கோட்டு போட்ட ஆள் கடற்கரை மணலில் மேசை போட்டு, கம்ப்யூட்டரை வைத்து, பேன்ட்டை முட்டி வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எங்க ஊருக் காத்துல ஒரு வாரம் வச்சுப் பாரு ராசா." மூன்றாவதில் புதுமணத் தம்பதி கேக் வெட்டுவார்கள், பக்கத்தில் ரிப்பன் கட்டிய கம்ப்யூட்டர். "சீர் வந்துடுச்சு. ஒயரைப் பொண்ணு வீட்டுல வச்சுட்டாங்க."

எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுக்கு உயிரான படம் இருந்தது. அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை, ஒரு நாய். நாயைத் தவிர மூவருக்கும் ஒரே மாதிரி ஸ்வெட்டர். டி.வி. மாதிரி ஒரு பெட்டியைச் சுற்றி நின்று கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பெட்டியின் திரை கறுப்பாக இருக்கிறது. மேசைக்குக் கீழே, பின்னால், பக்கத்தில் எங்கும் ஒயர் இல்லை. "கரன்ட் போன வீட்டுல கும்பலா இன்னா சிரிப்பு?" என்று எழுதியிருந்தாள். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அந்தக் குடும்பத்தைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டுத்தான் பெருக்குவாள்.

இந்தத் தொற்று ஊருக்கும் பரவியது. தேர்தல் நோட்டீசைப் படித்துவிட்டு டீக்கடையில் "ஒயர் எங்க?" என்பார்கள். அனுமந்தையில் ஒருவன் வலை கிழியக் கிழிய மீன் பட்டது என்று அளந்தால், கேட்கிறவன் "ஒயர் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போவான். ஒருத்தர் சொல்வது பொய், வெறும் படம் என்றால் எங்கள் ஊரில் அந்த இரண்டு வார்த்தை போதும். என் வீட்டுக்காரர் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பொங்கலுக்கு என் அண்ணன் வருவான் என்று நான் சொன்னால், "ஒயர் இல்லாத பேச்சு" என்பார். அண்ணன் வரவும் மாட்டான், அது வேறு விஷயம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் ஒயர்தான் காரணம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். பெண் பார்க்க வரும் முன் மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விசைகளில் விரல் வைத்து, முகத்தைத் திருப்பிப் பார்க்கிற போஸ். வீடே பூரித்துப்போனது. இவள் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒயர் எங்க?" என்று கேட்டாள். அது ஸ்டுடியோவில் வைத்திருந்த அட்டைக் கம்ப்யூட்டர். அதோடு விட்டிருக்கலாம். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை நீட்டிக்கொண்டே அந்த மனிதரிடமும் கேட்டுவிட்டாள். வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"அட்டைய வச்சு ஏமாத்தப் பாத்தாரும்மா" என்பாள். அதோடு, "அந்த ஆளு இப்ப சென்னையில நெஜமாவே கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிருக்காரு. நல்ல மனுசன்னு சொல்றாங்க" என்பாள். அதற்கும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு பஸ் நிறுத்தம் வரை போகாது.

எனக்கு அந்தக் கதை மனசில் தங்கிவிட்டது. பிறகு ஒரு நாள் அதை எடுத்து அவள் மேலேயே வீசினேன்.

என் வீட்டுக்காரர் உப்பு லாரி எடை போடும் எடை மேடையில் பில் தட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலம் வந்தால் பாத்திகள் முழுகிவிடும், லாரி வராது, அவருக்கும் வேலை கிடையாது. அந்த வருஷம் ஐப்பசியில் அடித்த மழை தை வரை உப்பளத்தைத் தலைதூக்க விடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் திண்டிவனத்தில் ஒரு ஏஜென்ட்டின் பழக்கம் கிடைத்தது. கிழக்கே ஒரு நாட்டில் டேட்டா என்ட்ரி வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே என்றான். ஒரு கலர் புத்தகம் கொடுத்தான். நான் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க இரண்டு பேரும் அக்கா கடைக்குப் போனோம். பெருமை தாங்காமல் நான்தான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடி மேசைகள், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், காதில் ஹெட்போன் மாட்டிய பையன்களும் பெண்களும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "இத்தனை பொட்டி. ஒயர் எங்க?"

"இப்பல்லாம் ஒயர்லெஸ் யக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"கரன்டுமா?"

அவர் சிரித்துவிட்டார். அவருக்கு எப்போதும் அவள் பேச்சு பிடிக்கும். அக்கா சிரிக்காமல் புத்தகத்தை மூடினாள். "தம்பி, இது ஆபீஸ் இல்ல. படம். போன ஆளு யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் போ."

எனக்குத் தலைக்கு ஏறியது. "ஒனக்கு நல்ல வார்த்தையே வராதாக்கா? ஒயர் பாத்து ஒயர் பாத்துத்தான் நீ இப்பிடி ஒண்டியா நிக்கிற. நாங்களாவது பொழைக்கிறோம், வுடு" என்றேன்.

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். மெஷின் கடைசித் தாளைத் தள்ளியது. அக்கா தாள்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, உறையில் போட்டு, என்னிடம் தராமல் அவர் கையில் கொடுத்தாள். "பாத்து போய்ட்டு வா தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

அவர் கிளம்பிப் போனார். அக்காவும் நானும் பேச்சை நிறுத்தினோம். சண்டைக்கு முந்தின வாரம் அவள் தைக்கக் கொடுத்த நீல ஜாக்கெட் தைத்து முடித்து என் கடை ஆணியில் தொங்கியது. அவள் வந்து கேட்கவில்லை, நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வாய்க்கொழுப்பு எனக்கு, ரோஷம் அவளுக்கு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் சிக்னல் கிடைக்காததால் நான் அவள் கடை வைஃபையில்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அத்தனை கோபத்திலும் அவள் பாஸ்வேர்டை மாற்றவில்லை.

முதல் மாதம் அவர் நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தே நிமிஷம். வீடியோவில் எப்போதும் அதே நாற்காலி, அதே கோடு போட்ட சட்டை. அவரிடம் அப்படி ஒரு சட்டையே கிடையாது. "நல்லா இருக்கேன். சாப்பாடு நல்லா இருக்குது. எல்லாரும் நல்லவங்க" என்பார். உப்பு, மழை என்று எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்று சிரிப்பார். வீட்டில் இருந்தபோது என்னோடு தினமும் மல்லுக்கு நின்ற மனிதர் சரி சரி என்றால் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ள நான் தயாராக இல்லை. புத்தகம் இன்னும் தலையணைக்குக் கீழேதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் கடை வாசல் படியில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கா பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தாள். ஷட்டரைத் தூக்கப் போனவள் என் பின்னால் நின்றாள். போனில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். அதையும் தாண்டி ஒரு நீள மேசை, அதில் வரிசையாக நிறைய போன்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் வந்து, எல்லாம் சேர்ந்து கட்டுக்கட்டாகத் தரையில் கிடந்தன. ஜன்னலில் தகரம் அடித்திருந்தது. இதெல்லாம் ஒவ்வொரு வாரமும் என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா குனிந்து, கல்யாண வீட்டில் கேலி பேசுகிற குரலில் கேட்டாள். "இன்னா தம்பி, சோக்கா ஒக்காந்திருக்க. ஒன் கம்ப்யூட்டருக்கு ஒயர் எங்க?"

அவர் கண் ஒரு நொடி எங்களைத் தாண்டி, போனுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்தது. பிறகு பகபகவென்று சிரித்தார். "ஒயரே இல்ல யக்கா. இங்க எதுக்குமே ஒயர் இல்ல. நான் உக்காந்திருக்கிற சேருக்குக் கூட ஒயர் இல்ல."

நானும் சிரித்தேன். லைன் கட்டானது. சிரித்துக்கொண்டே திரும்பினால் அக்கா முகத்தில் ரத்தம் இல்லை. அவள் கையில் அவளுடைய போன் இருந்தது. பேசும்போதே என் திரையைப் படம் எடுத்திருந்தாள்.

"அவன் பின்னாடி எத்தனை ஒயர் இருக்குது பாத்தியா?" என்றாள். "அத்தனையும் வச்சுக்கிட்டு ஒயர் இல்லன்னு சொல்றாம்மா. அத்தனையும் பொய்ன்னு சொல்றான். பேப்பர்ல வந்துதே, அத்தனை போனை வச்சு ஊரு சனத்த ஏமாத்துற எடம் அது. வெளிய வுட மாட்டாங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம். அவன் போன தேதிய சொல்லு" என்று உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். மனுவை அவளே தட்டினாள். தான் எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஒயர்களைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். மறுநாள் காலையில் நான் அந்த நீல ஜாக்கெட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி, அதையே போட்டுக்கொண்டு என்னோடு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள்.

கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்காரு? சிரிக்கிறாரே."

அக்கா மேசை மேல் கை வைத்து, "சார், சிரிப்பைப் பாக்காதீங்க. ஒயரைப் பாருங்க" என்றாள். ஸ்வெட்டர் குடும்பத்திலிருந்து ஆரம்பித்து, எங்கள் ஊர்ப் பேச்சு என்ன, அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை.

அந்த வாரங்களில் அக்கா சிரித்து நான் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் மட்டும்தான். சனிக்கிழமை பெட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் என் கடை வாசலில் வந்து நின்றாள். "நான் கேட்டது அங்க எவனுக்காவது புரிஞ்சிருக்குமாம்மா? தமிழ் தெரிஞ்சவன் இருந்திருந்தா? வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் நானு. என் வாயே இப்பிடித்தான்." எனக்கும் அதே பயம்தான். "அப்பிடில்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா" என்றேன். சொன்னது எனக்கே ஒயர் இல்லாத பேச்சாகக் கேட்டது.

மாசி பிறந்து, உப்பெடுக்கப் பாத்திகளில் தண்ணீர் கட்ட ஆரம்பித்த பிறகு செய்தி வந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து சிலரை மீட்டிருக்கிறார்கள், அவர் பெயரும் இருக்கிறது என்றார்கள். அக்கா ஷட்டரை இழுத்து மூடிவிட்டு என்னோடு விமான நிலையத்துக்கு வந்தாள். பாதி உடம்பாக வந்து நின்றார். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கடைக்குப் போனோம். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், டீ சொன்னாள், மறுபடி நாற்காலியைத் துடைத்தாள். அவர் உட்காரவில்லை. சுவர் முன்னால் நின்று ஸ்வெட்டர் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்த படம்.

அக்கா பொறுக்க மாட்டாமல், "அதே படம்தான் தம்பி. ஒயரு இன்னும் வரல" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "யக்கா, இந்த அப்பன் கண்ண பாத்திருக்கியா? பொட்டிய பாக்கல அவன். எதிர்ல நிக்கிறவன பாக்குறான்." மடங்காத விரலைப் படத்தின் மேல் வைத்தார். "எங்களையும் ஞாயித்துக்கிழமைன்னா இப்பிடித்தான் ஒக்கார வைப்பான். அவனே சட்டை குடுப்பான். சிரிக்கச் சொல்லுவான். எதிர்ல ஒருத்தன் நிப்பான்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வருஷக்கணக்காக அவள் பார்க்காத இடம் அது ஒன்றுதான். "ஆமா இல்ல" என்றாள். ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை.

பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்ப நான் ஒயர் எங்கன்னு கேட்டப்ப நீ சிரிச்சியே தம்பி. அதுவும் அவன் சொல்லித்தானா?"

"இல்ல யக்கா" என்றார் அவர். "அது எனக்கே தானா வந்த சிரிப்பு. அங்க இருந்த அத்தனை நாள்ல, அது ஒண்ணுதான் எனக்கே வந்துது."

டீ வந்தது. மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.